அடிவானத்தில் மங்கும் நிலா: புறநிழல் கிரகணத்தைப் பார்க்கப் பழகுவோம்

"இன்று சந்திர கிரகணம்" என்று பத்திரிகையில் போடுவார்கள், வானொலியிலும் சொல்வார்கள். நாமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நிற்போம். நிலா வழமைபோல வட்டமாக, வெள்ளையாக இருக்கும். ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, "எல்லாம் பொய்" என்று பாயை விரித்துப் படுத்துவிடுவோம். அறிவித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைய கிரகணம் புறநிழல் கிரகணமாக இருந்திருக்கும். எதை, எப்போது, நிலாவின் எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. இந்தப் பாடம் அதற்காகத்தான்.

இதை எழுத வேறொரு காரணமும் உண்டு. வினாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில், கோமாரி என்று நீளும் இந்தக் கரையில் வாழ்கிற குடும்பங்கள் பல, ஒரு தடவை அல்ல, பல தடவை வீடு வாசலை விட்டு எழும்பி ஓடியவை. 1990இல் ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது ஓடினோம். அந்த டிசம்பர் 26 பூரணை நாள். அதனால் பூரணைக்கும் கடலுக்கும் முடிச்சுப் போட்டு, கிரகணம் என்று கேள்விப்பட்டாலே "கடல் வரப்போகிறதாம்" என்று கதை கிளம்புவதைப் பார்க்கிறோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா, இல்லையா என்பதையும் பார்ப்போம்.

தென்னை மரத்து நிழலில் தொடங்குவோம்

வெயில் சாயும் நேரத்தில் முற்றத்துத் தென்னையின் நிழலைப் பாருங்கள். அடிமரத்தின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல ஓரம் தெளிவாக விழும். உச்சியில் உள்ள ஓலைகளின் நிழலோ ஓரம் கலைந்து, பஞ்சுபோல மங்கிக் கிடக்கும். ஒரே மரம், ஒரே வெயில். அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்?

சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டம். ஓலை நிழலின் நடுவில் ஊரும் எறும்புக்குச் சூரியன் முழுவதும் மறைந்திருக்கும். ஓரத்து மங்கலில் ஊரும் எறும்புக்கோ சூரியனின் ஒரு பகுதி மறைந்து, மிச்சப் பகுதி தெரியும். ஆகவே அந்த இடத்தில் அரைகுறை வெளிச்சம். முழு இருட்டைக் கருநிழல் என்கிறோம். அதைச் சுற்றியுள்ள அரைகுறை இருட்டு புறநிழல். நிழல் தரும் பொருள் தூரமாகப் போகப் போகப் புறநிழல் அகலும்.

பூமிக்கும் இப்படி இரண்டு நிழல்கள் உண்டு. நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் பூமியின் கருநிழல் ஏறக்குறைய 9,000 கிலோமீற்றர் அகலம். அதைச் சுற்றிய புறநிழலையும் சேர்த்தால் ஏறக்குறைய 16,000 கிலோமீற்றர். நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீற்றர். கருநிழலுக்குள் நிலா முழுதாக இறங்கினால் முழுக் கிரகணம். செம்பு நிறமாகத் தெரியும். ஒரு பகுதி மட்டும் நுழைந்தால் அப்பத்தைக் கடித்ததுபோலப் பகுதிக் கிரகணம். கருநிழலைத் தொடாமல் வெளி வளையத்துக்குள் மட்டும் புகுந்து போனால் அது புறநிழல் கிரகணம். அந்த நேரத்தில் நிலாவில் ஒரு மனிதன் நின்றால், சூரியனின் ஒரு பங்கைப் பூமி மறைப்பதைக் காண்பான். சூரியன் முழுதாக மறையாததால் நிலாத் தரையில் வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். நமக்கு நிலா தேயாது, கடிபடாது. ஒரு பக்கம் புகை படிந்த விளக்குச் சிமிலிபோல மங்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு பூரணையிலும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலா சுற்றுகிற பாதை, பூமி சூரியனைச் சுற்றுகிற தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சரிந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான பூரணைகளில் நிலா பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். 2004 டிசம்பர் 26 பூரணையிலும் அப்படித்தான் நடந்தது. அன்று கிரகணம் எதுவும் இல்லை.

ராகு, கேது என்ற பாம்புக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், கதை நல்ல கதைதான். ஆனால் கிரகணம் நிழலால் வருகிறது என்பதை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கக்காரர் கணக்குப் போடுவதும் நிழலை வைத்துத்தானே ஒழிய, பாம்பை வைத்து அல்ல.

வயலுக்கு மேலே, 2017 பெப்ரவரி 11

நமது ஊரில் புறநிழல் கிரகணம் அடிவானத்தை ஒட்டி நிகழ்ந்த நல்ல உதாரணம் 2017 பெப்ரவரி 11 அதிகாலையில் வந்தது. நவம் போயாவுக்கு அடுத்த விடியல். இலங்கை நேரப்படி காலை 4.04க்கு நிலா புறநிழலில் நுழைந்தது. உச்சக் கட்டம் 6.14க்கு. அந்த நேரம் நிலா வட்டத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் புறநிழலுக்குள் இருந்தது. புறநிழல் கிரகணங்களுள் இது ஆழமான ஒன்று.

ஆனால் அந்த 6.14 நமக்கு எப்படிப்பட்ட நேரம்? நமது கரையில் கடல் கிழக்கே, வட்டைகளும் காடும் மலையும் மேற்கே. பூரணை நிலா கடலிலிருந்து எழுந்து வயற்பக்கம் மறையும். அன்று சூரியன் 6.20 ஐ ஒட்டிக் கடலில் எழ, அதே வேளையில் நிலா சாகாமக் குளத்துப் பக்கத்து அடிவானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சக் கட்டம் வந்தபோது வானம் வெளுத்துவிட்டது. நிலாவோ மரவரிசைக்குப் பின்னால். ஆகவே 6.14 ஐ நம்பிக் காத்திருந்தவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அன்று பார்க்க ஏற்ற நேரம் 5.30 தொடங்கி 5.50 வரை. அப்போது நிலா பத்துப் பாகை உயரத்தில் நின்றது. நிழலும் நன்றாக ஏறியிருந்தது. வலப்பக்க மேல் ஓரம் மங்கி, இடப்பக்கக் கீழ் ஓரம் பளிச்சென்று இருந்திருக்கும்.

அந்தப் பெரும்போகம் வரட்சியில் அடிபட்ட போகம். என்றாலும் தண்ணீர் கிடைத்த வட்டைகளில் யானைக்குக் காவல் இருந்தவர்கள் உண்டு. பரணில் இரவு முழுக்க விழித்திருக்கும் காவற்காரரை விட நல்ல வான்நோக்குநர் யார்? மேற்கு அடிவானம் மறைப்பின்றித் தெரியும் இடம் பரண்தான். தூரதரிசினி வைத்திருக்கும் நகரத்து மனிதருக்கு அந்த வசதி இல்லை.

இதற்கு மறுபக்கமான உதாரணம் 2016 மார்ச் 23. புனித வாரத்துப் புதன்கிழமை. அன்று கிரகணம் பிற்பகல் 3.09க்குத் தொடங்கி, 5.17க்கு உச்சமாகி, இரவு 7.25க்கு முடிந்தது. நமக்கு நிலா கடலிலிருந்து எழுந்தது 6 மணிக்குப் பிறகு. எழும்போதே புறநிழலுக்குள் இருந்தது. ஆனால் நிழல் ஏற்கனவே விலகத் தொடங்கிவிட்டது. கணக்கில் கிரகணம், கண்ணுக்கு முழு நிலா. பொதுவாக நிலா வட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காவது புறநிழலுக்குள் போனால்தான் நமது கண் வித்தியாசத்தைப் பிடிக்கும். அதற்குக் குறைந்தால் யாராலும் சொல்ல முடியாது. "நான் கண்டேன்" என்று சத்தியம் பண்ணுபவரை நம்ப வேண்டியதில்லை.

2012 நவம்பர் 28 இவற்றை விட வாய்ப்பானது. நிலா கடலில் எழுந்த கையோடு, மாலை 5.45க்கு, கிரகணம் தொடங்கியது. 8.03க்கு உச்சம். அதாவது நிலா ஏற ஏற நிழலும் ஏறியது. மாரி மேகம் விலகிய இடங்களில் அன்று நிலாவின் இடப்பக்கம் மங்கித் தெரிந்திருக்கும்.

நிழலா, காற்றா?

அடிவானத்தை ஒட்டிய புறநிழல் கிரகணத்தில் உள்ள பெரிய சிக்கல் இதுதான். அடிவானத்துப் பொருளை நாம் மிகத் தடித்த காற்றினூடாகப் பார்க்கிறோம். தலைக்கு நேர் மேலே இருப்பதை விட அடிவானத்தில் காற்றின் தடிப்பு முப்பது மடங்குக்கும் அதிகம். கடற்பக்கம் உப்புத்தூசியும் ஈரமும், வயற்பக்கம் வைக்கோல் எரித்த புகையும் பனிப்புகாரும் சேரும். அதனால் எந்தப் பூரணையிலும் நிலா எழும்போதும் மறையும்போதும் மஞ்சளாக, சிவப்பாக, மங்கலாக இருக்கும். சில வேளை கீழ் ஓரம் மேல் ஓரத்தை விட இருண்டிருக்கும். வட்டம்கூடச் சற்று அமுங்கி, நீள்வட்டமாகும். இவற்றில் எதுவும் கிரகணம் அல்ல.

பிரித்தறிய வழி உண்டு. காற்றால் வரும் மங்கல் எப்போதும் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். நிலா உயர உயர அது கரைந்துபோகும். புறநிழலால் வரும் மங்கல் நிலாவின் குறிப்பிட்ட ஓரத்தில் ஒட்டியிருக்கும். நிலா உயர்ந்தாலும் அழியாது. ஆகவே எந்த ஓரத்தில் நிழல் விழும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது பாதி வேலை. இதற்குத் திசை தெரிய வேண்டும். கிழக்கே எழும் நிலாவைப் பார்த்து நின்றால் நிலாவின் வடக்கு ஓரம் நமக்கு இடக்கைப் பக்கம். மேற்கே மறையும்போது அதே வடக்கு ஓரம் வலக்கைப் பக்கம். 2012இல் எழுந்த நிலாவும் 2017இல் மறைந்த நிலாவும் நிழலுக்குத் தெற்காகப் போனவை. இரண்டிலும் மங்கியது வடக்கு ஓரமே. ஆனால் முதலாவதில் அது இடப்பக்கமாகவும் மற்றதில் வலப்பக்கமாகவும் அமைந்தது.

நிலாவின் சொந்தக் கறைகளும் ஏமாற்றும். முயல் என்றும் வடை சுடும் பாட்டி என்றும் நாம் சொல்லும் கருமைகள் எப்போதும் உள்ளவை. ஆகவே கிரகணத்துக்கு முதல் நாள் இரவு நிலாவை ஒரு கொப்பியில் வட்டம் போட்டு வரைந்து, கறைகளைக் குறித்துவையுங்கள். மறுநாள் அதே வட்டத்தோடு ஒப்பிட்டால் புதிய மங்கல் எது என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களை விட நன்றாகச் செய்வார்கள்.

பூரணை நிலா உயரத்தில் இருக்கும்போது அதன் பிரகாசமே கண்ணைக் கூச வைத்து, மெல்லிய நிழலை மறைத்துவிடும். மெல்லிய துணியினூடாக, அல்லது வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியூடாகப் பார்த்தால் வித்தியாசம் கூடுதலாகப் புலப்படும். அடிவானத்து நிலாவுக்கு இது தேவையில்லை, காற்றே கண்ணாடியாகிவிடுகிறது. அந்த வகையில் தாழ்ந்த நிலா நமக்கு ஓர் உதவியும் செய்கிறது.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. சூரிய கிரகணம் வேறு. அதை வெறும் கண்ணாலோ, கறுப்புக் கண்ணாடியாலோ, எக்ஸ்றே படத்தாலோ, தண்ணீர்ச் சட்டியிலோ பார்க்கக் கூடாது. விழித்திரை கருகினால் திரும்ப வராது. கருகும்போது வலியும் தெரியாது. 2019 டிசம்பர் 26இல் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம் நமது மாவட்டத்தில் பகுதியாகத் தெரிந்தது. பதினைந்து நாள் கழித்து, 2020 ஜனவரி 10 நள்ளிரவில், புறநிழல் சந்திர கிரகணம் வந்தது. இரண்டு வகையும் இப்படி அரை மாத இடைவெளியில் சோடியாக வருவது வழமை. ஆகவே பிள்ளைக்கு "கிரகணத்தைப் பார்" என்று சொல்லும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கையால் அளத்தல்

கையை நேராக நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஒரு விரல் அகலம் 2 பாகைக்குக் கிட்ட. நிலாவின் அகலம் அரைப் பாகைதான். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது மனதின் மயக்கம். சின்ன விரல் நகத்தை நீட்டிப் பிடித்து மறைத்துப் பாருங்கள். உச்சியிலும் அதே அளவுதான்.

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நிலா அதிகம் சரியாமல் ஏறக்குறைய நேராக இறங்கும். மணிக்கு 15 பாகை, அதாவது ஒன்றரை முட்டி. ஒரு விரலுக்கு எட்டு நிமிடம். உங்கள் வீட்டு மேற்கில் மரவரிசை இரண்டு விரல் உயரம் என்றால், நிலா மறையும் நேரம் என்று பத்திரிகை போடுவதற்குப் பதினாறு நிமிடம் முன்பே உங்களுக்கு மறைந்துவிடும். 2017இல் உச்சக் கட்டத்தைத் தவறவிட வைத்தது இந்தக் கணக்குத்தான்.

சொந்த ஊரில் இருந்தவரை இந்தக் கணக்கு நமக்குத் தேவைப்படவில்லை. எந்த மாதம் எந்த மலைக்குப் பின்னால் சூரியன் விழும், எந்தப் பனைக்கு மேலே பூரணை எழும் என்று பார்த்துப் பழகியிருந்தோம். இடம்பெயர்ந்து வந்த காணியில் அந்த அடையாளங்கள் இல்லை. புதிதாகத்தான் நட வேண்டும். முற்றத்தில் ஒரு தடியை நட்டு, மாதம் ஒரு முறை பூரணை எழும் திசையிலும் மறையும் திசையிலும் இன்னும் இரண்டு தடி நட்டால், ஒரு வருடத்தில் உங்கள் வளவுக்கு ஒரு பஞ்சாங்கம் கிடைக்கும். பெப்ரவரிப் பூரணை மறையும் இடத்துக்குக் கிட்டத்தான் ஆகஸ்ட் மாதச் சூரியன் மறையும்.

அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை முஸ்லிம் சகோதரர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதத்தின் 29ஆம் நாள் மாலை மேற்கு அடிவானத்தில் தலைப்பிறை தேடுவது, நாம் மேலே சொன்ன அதே கலைதான்: தாழ்ந்த வானம், மங்கிய ஒளி, குறுகிய நேரம். பிறை பார்த்துப் பழகிய ஒரு பெரியவரை உங்கள் குழுவுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கடல், தண்ணீர்ப் பானை, கர்ப்பிணி

கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இலங்கையில் எந்த மாவட்டத்தையும் விட அது அதிகம். அந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் காரணம் சரியாகத் தெரிய வேண்டும். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9க்கு மேற்பட்ட அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டு, தரை மேலெழுந்து தண்ணீரைத் தள்ளியது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை நமது கரைக்கு வந்தது. பூரணையிலும் அமாவாசையிலும் வற்றுப்பெருக்கு சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் நமது கிழக்குக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவுதான். கடற்கோளின் பதினைந்தாவது நினைவு நாளான 2019 டிசம்பர் 26 அன்றே சூரிய கிரகணம் வந்தது. கடல் தன்பாட்டில் கிடந்தது.

ஆகவே கிரகண இரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு யானை நடமாடும் றோட்டில் உள்நாட்டுக்கு ஓட வேண்டாம். நில அதிர்வை உணர்ந்தால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், எச்சரிக்கைக் கோபுரம் ஒலித்தால், அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குக் கேட்கலாம்.

சில வீடுகளில் கிரகணம் முடிந்ததும் பானையில் உள்ள தண்ணீரையும் சமைத்ததையும் கொட்டிவிடுவார்கள். கிணறு நிறையத் தண்ணீர் உள்ள வீட்டில் அது வழக்கம். பவுசர் வரும்வரை வரிசையில் காத்துக் கிடக்கும் குடியிருப்பில் அது பெரிய இழப்பு. நிலாவின் மேல் விழும் நிழல் நமது பானைக்குள் எதையும் போடுவதில்லை. கர்ப்பிணிப் பெண்ணைப் பட்டினி போடுவதும், நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் முதியவரைச் சாப்பிடாமல் வைத்திருப்பதும் இன்னும் மோசம். பட்டினியால் வரும் மயக்கம் கண்கண்ட ஆபத்து. நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். வழக்கத்தை விட மனமில்லாத பெரியவர்களுக்கு ஒரு செய்தி: பஞ்சாங்கங்கள் பொதுவாகப் புறநிழல் கிரகணத்தைத் தோஷக் கிரகணமாகக் கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குக் கிரகணத் தொழுகை இல்லை என்றே மார்க்க அறிஞர் பலரும் சொல்கிறார்கள். ஆகவே இந்த வகைக் கிரகணத்தில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

அடுத்து எப்போது?

புறநிழலைப் பார்க்கப் புறநிழல் கிரகணம்தான் வரவேண்டும் என்றில்லை. ஒவ்வொரு முழுக் கிரகணமும் புறநிழலோடு தொடங்கிப் புறநிழலோடு முடியும். 2025 செப்ரெம்பர் 7 இரவு 8.58க்குப் புறநிழல் தொட்டது. கருநிழலின் கடி விழுந்தது 9.57க்கு. அந்தக் கடிக்கு முன்னான இருபது நிமிடங்களில் இடப்பட்ட மங்கல்தான் நாம் பேசுவது. 2026 மார்ச் 3ஆம் திகதிக் கிரகணத்தின் கணக்கோ கடற்கரைக்காரருக்கு ஏற்றது: நிலா எழுவது 6.15 ஐ ஒட்டி, கடிபட்ட நிலையிலேயே. கருநிழல் விலகுவது 6.47க்கு, புறநிழல் முடிவு 7.53க்கு. 6.47க்குப் பின்வரும் அரை மணி நேரம் மேல் ஓரத்தில் தங்கும் புகைக்கறைக்கு உரியது.

தனிப் புறநிழல் கிரகணம் 2027 பெப்ரவரி 21 அதிகாலையில் வருகிறது. 2.42 அளவில் தொடங்கி, 4.43க்கு உச்சம். அப்போது நிலா மேற்கே இரண்டரை முட்டி உயரத்தில் நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் புறநிழலுக்குள் இருக்கும். வலப்பக்கம் மங்கும். உச்சத்துக்குப் பிறகு மங்கல் வலப்பக்கக் கீழ் ஓரத்துக்கு இறங்கும். நிலா தாழ்ந்ததும் காற்றின் கருமையும் அங்கேயே சேர்ந்துவிடும். ஆகவே 4 மணிக்கு எழும்பி 5.15க்குள் பார்த்து முடிப்பது நல்லது. அது பெரும்போக அறுவடைக் காலம். பலர் எப்படியும் விழித்திருப்பார்கள்.

குழுக்கள் செய்ய வேண்டியது இதுதான். மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல், 4.00, 4.45, 5.15 மணிக்கு ஒவ்வொரு வட்டம் வரைந்து மங்கிய பக்கத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். நேரத்தையும் மேகம், புகை இருந்ததா என்பதையும் அடியில் எழுதுங்கள். ஒருவர் பரணிலிருந்தும் ஒருவர் கடற்கரையிலிருந்தும் ஒருவர் வீட்டு முற்றத்திலிருந்தும் வரைந்தால் இன்னும் நல்லது. விடிந்த பிறகு மூன்று கொப்பியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.